மீன்கண்

பெயிண்ட் விழுந்த முதல் கணத்தில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. மாதுளம்பழச் சிவப்பு கிட்டாரின் உடம்பில் ஈரமாக, ஒரே தகடாகப் பரவி நின்றபோது தேவநாதன் மூச்சை அடக்கிக்கொண்டான், இந்தத் தடவை வந்துவிட்டது, வந்தே விட்டது என்று நினைத்தான், நினைத்து முடிப்பதற்குள் இடது தோள் பக்கம் ஒரு புள்ளி திறந்தது. முதலில் ஊசி குத்தின மாதிரி. பிறகு அது தன்னைச் சுற்றியிருந்த பெயிண்டைத் தள்ளித் தள்ளி அகன்று மிளகளவு வட்டமாகி, நடுவில் வெள்ளைப் பிரைமரைக் காட்டிக்கொண்டு நின்றது. பக்கத்தில் இன்னொன்று. இடுப்பு வளைவில் கூட்டமாக நாலைந்து. ஸ்ப்ரே கன்னைப் பிடித்தபடி அவன் பார்த்துக்கொண்டே நின்றான். பெயிண்ட் ஷாப்பில் இன்ஜினியர்கள் இதை ஃபிஷ்-ஐ என்பார்கள், லைனில் வேலை செய்யும் பெண்கள் மீன்கண் ஆக்கிவிட்டார்கள், சார் பானட்ல ரெண்டு மீன்கண்ணு சார் என்று கூப்பிடுவார்கள், அவன் டார்ச்சை எடுத்துக்கொண்டு போய்க் குனிந்து பார்த்து உதட்டைப் பிதுக்குவான். அதுதான் அவன் உத்தியோகம். ஒரகடம் பக்கத்தில் கார் செய்கிற கம்பெனியில் பெயிண்ட் ஷாப் சூப்பர்வைசர். அடுத்தவன் அடித்த பெயிண்டில் குறை கண்டுபிடித்தே தலை நரைத்தவன், ஞாயிற்றுக்கிழமை காலையில், சிங்கப்பெருமாள் கோவிலில் சொந்த வீட்டு மொட்டை மாடியில், பிளாஸ்டிக் ஷீட் கட்டிய கூடாரத்துக்குள், மடியில் வைக்கிற அளவு மரத்துக்குப் பெயிண்ட் அடிக்கத் தெரியாமல் நின்றான். பக்கத்து வீட்டு மாடியில் யாரும் இல்லையே என்று ஷீட்டை விலக்கிப் பார்த்துக்கொண்டான். இல்லை. இருந்தாலும் அவர்களுக்கு என்ன தெரியப்போகிறது, ஒரு மனுஷன் எதையோ சிவப்பாக அடிக்கிறான், அவ்வளவுதான். தெரிகிறவர்கள் வேறு. கம்பெனி ஆண்டு விழாவுக்குப் பாட்டுக் குழு சேர்த்திருக்கிறார்களே அந்தப் பையன்கள், புதிதாக வந்த இன்ஜினியர்கள், எல்லாருக்கும் இருபத்தைந்து வயது, நெற்றி முழுக்க முடி. பாலிடெக்னிக் காலத்தில் கல்யாணக் கச்சேரிகளில் கிட்டார் வாசித்தவன் என்று கேள்விப்பட்டு, சார் நீங்களும் வாங்க சார் என்று அவனைக் கூப்பிட்டார்கள். கூப்பிட்டதில் மிதந்துபோய், கிட்டாரை நானே செய்கிறேன் என்று சொல்லிவிட்டான். மரம் அறுத்த போட்டோ, வளைவு ராவிய போட்டோ, பிரைமர் அடித்த போட்டோ எல்லாம் குரூப்பில் போட்டாயிற்று. கடைசிப் போட்டோவுக்குக் கீழே, பெயிண்ட் ஷாப்காரன் ஃபினிஷ் எப்படி இருக்கும்னு பாருங்கடா என்று எழுதினான். டா போட்டு எழுதியதை இப்போது நினைக்க உடம்பு கூசியது. முகமூடியை இறக்கிவிட்டு, முன்முடியை வழக்கம்போல் வலது கையால் ஒரு தரம் தூக்கிக் கோதிவிட்டு, தின்னரில் துணியை நனைத்து, ஈரச் சிவப்பை மொத்தமாக வழித்தெடுக்க ஆரம்பித்தான்.

வழிக்க வழிக்க மரத்தின் மேலே ரோஜா நிறத்தில் கறை படிந்தது, மறுபடி உப்புத்தாள், மறுபடி பிரைமர், இது எத்தனையாவது தடவை என்று எண்ணக்கூடாது என்று வைத்திருந்தான். மீன்கண்ணுக்குக் காரணம் ஒன்றே ஒன்றுதான், அடியில் பிசுக்கு இருக்கிறது, எண்ணெயோ சிலிக்கோனோ கண்ணுக்குத் தெரியாத ஒரு துளி, அதன்மேல் பெயிண்ட் உட்காரப் பிடிக்காமல் ஒதுங்குகிறது. லைனில் இதை மாதா மாதம் வகுப்பு மாதிரி அவனே எடுப்பான். எங்கிருந்து வந்தது என்பதுதான் கேள்வி. முதலில் மரத்தைச் சந்தேகப்பட்டான். மலைவேம்பு, வேம்பு என்று பேர் இருக்கிறதே, உள்ளே எண்ணெய் இருக்குமோ என்று சீலர் அடித்துக் காய வைத்தான். அப்புறமும் வந்தது. கம்ப்ரஸரைச் சந்தேகப்பட்டான், காற்றோடு எண்ணெய் துப்புகிறதோ என்று வெள்ளைத் தாளில் ஊதிப் பார்த்தான், தாள் வெள்ளையாகவே இருந்தது. வாடகைக் கம்ப்ரஸரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு ஒன்று எடுத்துவந்தும் வந்தது. துடைக்கிற துணியைச் சந்தேகப்பட்டுப் புதுத் துணி வாங்கினான். போன ஞாயிறு ஜெயசுதாவைச் சந்தேகப்பட்டான். கீழே சமையலறையில் அவள் வாழைக்காய் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தாள், அவள் தம்பி வந்திருந்தான், எக்ஸாஸ்ட் ஃபேன் மாடிப் பக்கம் பார்த்துத்தான் இருக்கிறது, அவன் படியிறங்கி வந்து அவள் தம்பி இருக்கும்போதே, நான் மேல பெயிண்ட் அடிக்கறேன்னு தெரியுமில்ல, இப்பதான் எண்ணெய்ச் சட்டி வைக்கணுமா என்று கேட்டான். அவள் அடுப்பை அணைத்தாள். பாதி மாவு மிச்சம். தம்பி, பரவாயில்லக்கா என்றான். அதற்கப்புறம் ஒரு வாரமாக வீட்டில் தாளிப்புகூடக் குறைந்திருந்தது, அதை அவள் சொல்லிக்காட்டவில்லை, அவனும் கவனிக்காத மாதிரி இருந்தான். இன்று காலை அடுப்பே பற்றவில்லை, ராத்திரியே அவித்து வைத்த இட்லி, ஃபேன் ஓடவில்லை, ஆனாலும் மீன்கண். அப்படியானால் பஜ்ஜி இல்லை. அவளிடம் போய்ச் சொல்ல வேண்டும். சொல்லலாம், சாயங்காலம் சொல்லலாம், முதலில் எது என்று கண்டுபிடித்துவிட்டுச் சொல்லலாம். இப்படித் தள்ளிப்போடுவது அவனுக்குப் பழக்கம்தான், ஆனால் தள்ளிப்போட்ட இடத்தில் வேறொரு முகம் வந்து நின்றது, இந்த வாரம் முழுக்க உப்புத்தாள் தேய்க்கிற நேரங்களில் வந்துகொண்டே இருக்கிற முகம், அவன் உடனே தேய்ப்பதை வேகப்படுத்தினான்.

பூங்காவனம். உத்திரமேரூர்ப் பக்கம் ஏதோ கிராமம், கான்ட்ராக்ட் ஆள், கம்பெனி பஸ்ஸில் வருவாள், பெயிண்ட் பூத்துக்குள் போவதற்கு முன்னால் கார் உடம்பைப் பிசின் துணியால் கடைசியாக ஒரு தடவை துடைத்து அனுப்புகிற வேலை. இரண்டு மாசத்துக்கு முன்னால் பானட்டில் மீன்கண் வர ஆரம்பித்தது. தினமும் கொஞ்சம். மேனேஜர் ரகோத்தமன் காலை மீட்டிங்கில் அவன் முகத்தைப் பார்த்துக் கேட்கவில்லை, திரையில் இருந்த படத்தைப் பார்த்துக் கேட்டார், அதுவே போதுமாக இருந்தது. அவன் நேராக லைனுக்குப் போனான். ஏன் அவளைத் தேர்ந்தெடுத்தான்? துடைக்கிற இடத்தில் ஆறேழு பேர் இருந்தார்கள். அவளுக்கு முடி அதிகம். லைனில் எல்லாரும் போடுகிற துணித் தலைமூடிக்குள் அடங்காமல் பின்கழுத்தில் ஒரு தேங்காய் வைத்த மாதிரி புடைத்துக்கொண்டு நிற்கும், அதைப் பார்க்கிறபோதெல்லாம் அவனுக்கு ஏதோ எரிச்சல் வந்திருக்கிறது, அந்த எரிச்சலுக்கு எண்ணெய் என்று பேர் வைத்துக்கொண்டான். பூங்காவனம், இங்க வாம்மா. தலைமூடியக் கழட்டு. அவள் சுற்றிலும் பார்த்தாள். ஆண்கள் இருந்தார்கள். "சார், நான் தலைக்கு எண்ண வெச்சே ஒரு வருசம் ஆவுது சார். இந்த வேலைக்கு வந்ததுலேர்ந்து வெக்கறதில்ல." கழட்டும்மா, பாத்துடலாம் என்றான். கொண்டை அவிழ்ந்து முதுகில் விழுந்தது. அவன் டிஷ்யூத் தாளை எடுத்து, லைன் நின்றுபோயிருக்க எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, அவள் உச்சந்தலையில் அழுத்தித் துடைத்து, தாளை டியூப் லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தான். ஓரத்தில் லேசாக ஒரு பிசுக்கு, வெளிச்சம் ஊடுருவுகிற மாதிரி ஒரு பொட்டு. இது என்னது, என்று கேட்டான். "வேர்வையா இருக்கும் சார்." வேர்வை இப்பிடியா இருக்கும். அவள் இரண்டு கையாலும் முடியை வாரிச் சுருட்ட ஆரம்பித்தாள், அவசரத்தில் கொண்டை நிற்காமல் சரிந்து சரிந்து விழுந்தது, யாரோ ஒருத்தன் சிரித்தான், தேவநாதன் அந்தச் சிரிப்பை அதட்டவில்லை. மறுநாளிலிருந்து வர வேண்டாம் என்று கான்ட்ராக்டர் சொல்லிவிட்டான். லைன் குரூப்பிலிருந்து அவள் நம்பரைத் தேவநாதனே நீக்கினான். அந்த வாரமே மீன்கண் நின்றது. அதுதான் ருசு, வேறென்ன வேண்டும். ரகோத்தமன் தோளில் தட்டி, நல்ல மூக்குய்யா உங்களுக்கு என்றார். ருசு இல்லாமலா. ருசு இருந்தது. ஆனால் போன வியாழக்கிழமை மறுபடியும் வந்துவிட்டது, நான்கு பானட், நாளைக் காலை மீட்டிங்கில் பதில் சொல்ல வேண்டும், அடுத்த ஆள் யார் என்று மனசுக்குள் முடிவுகூடச் செய்துவிட்டான், கதிரேசன், எப்போது பார்த்தாலும் நெற்றி பளபளவென்று இருப்பவன். உப்புத்தாள் கிழிந்தது. விரல் மரத்தில் உரசி எரிந்தது. தேய்த்த இடம் பள்ளமாகிவிட்டதோ என்று உள்ளங்கையால் தடவிப் பார்த்தான்.

இப்படிச் செய்து பயனில்லை என்று தோன்றியது. கிட்டாரை ஓரமாக வைத்துவிட்டு, மிச்ச மரத்துண்டுகளில் இரண்டை எடுத்தான், ஏற்கெனவே சீலரும் பிரைமரும் ஏறியவை. கம்பெனியில் செய்கிற மாதிரி ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்க வேண்டும், கம்பெனியில் அன்றைக்கு அப்படிச் செய்திருக்க வேண்டும், செய்யவில்லை, அது வேறு. அதே துணி, அதே தின்னர், அதே பெயிண்ட், அதே காற்று. அப்போது ஜெயசுதா துவைத்த துணி வாளியோடு மேலே வந்தாள். கூடாரத்தைத் தாண்டிக் கொடிக்குப் போனவளை அவன் கூப்பிட்டான். பஜ்ஜி விஷயம் தொண்டை வரைக்கும் வந்து, வேறு வாக்கியமாக வெளியே வந்தது.

"கொஞ்சம் இந்தப் பலகையத் தொடைச்சுக் குடேன்."

"நானா? என் கையில எண்ணெய் இருக்கப்போவுது." அவள் குரலில் குத்தல் இருந்ததா என்று அவனால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"சோதனைக்குத்தான்."

அவள் ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, அவன் காட்டினபடி பலகையை மேலிருந்து கீழாகத் துடைத்து வைத்தாள். இன்னொன்றை அவன் துடைத்தான், அதே மாதிரி, ஏன், அவளைவிட நன்றாக, ஓரமெல்லாம் சேர்த்து. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே வீச்சில் அடித்தான். அடித்துவிட்டு இருவரும் நின்றார்கள். அவள் கொடிக்குப் போகவில்லை. அவள் துடைத்த பலகையில் சிவப்பு அப்படியே நின்றது, கண்ணாடி மாதிரி, அவள் முகமும் மேலே கட்டியிருந்த ஷீட்டும் அதில் தெரிந்தன. அவன் துடைத்ததில் நடுவில் ஒன்று திறந்தது, பிறகு ஓரத்தில், பிறகு அவன் கட்டைவிரல் வைத்துப் பிடித்திருந்த இடத்தில் ஒரு கொத்து. நேரம் போகட்டும், இன்னொன்றிலும் வரும் என்று அவன் காத்திருந்தான். மனைவி துடைத்த பலகையில் குறை வர வேண்டும் என்று அத்தனை தீவிரமாக வேண்டிக்கொண்டு நிற்கிறோம் என்பது நடுவில் உறைத்தது. வரவில்லை. ஜெயசுதா குனிந்து அவன் பலகையைப் பார்த்தாள், அவன் கையைப் பார்த்தாள், பிறகு அவன் நெற்றியைப் பார்த்தாள்.

"தலைக்குப் போடறீங்களே, அதுவா இருக்குமோ?"

"என்ன போடறேன்?"

"ஸ்கூட்டர் டிக்கில துணியில சுத்தி வெச்சிருக்கீங்களே, அது." மெதுவாகத்தான் சொன்னாள். "தலையக் கோதிட்டுக் கோதிட்டுத்தான் எல்லாத்தையும் தொடறீங்க. இப்பகூடத் துணிய எடுக்கறதுக்கு முன்னாடி கோதினீங்க."

அவள் பதிலுக்கு நிற்கவில்லை, வாளியைத் தூக்கிக்கொண்டு கொடிக்குப் போய் அவனுடைய பனியனை உதறிப் போட்டாள். தெரிந்திருக்கிறது. எத்தனை நாளாக? செங்கல்பட்டில் தன்னை யாருக்கும் தெரியாத கடையாகப் பார்த்து நுழைந்து, கடைக்காரப் பெண்ணிடம் மனைவிக்கு என்று பொய் சொல்லி வாங்கிய ஹேர் சீரம் பாட்டில். தடவினால் மெலிந்த முடி எழும்பி அடர்த்தியாக நிற்கும், ஒரு மினுமினுப்பு வரும், பையன்களோடு நிற்கும்போது அப்பா மாதிரி தெரியாது. கம்பெனி வண்டி நிறுத்தத்தில் ஸ்கூட்டர் கண்ணாடியில் குனிந்து தடவிக்கொண்டு உள்ளே போவான். ஞாயிற்றுக்கிழமைகூட விடுவதில்லை, தடவாத தலையைக் கண்ணாடியில் பார்க்கப் பிடிக்காமல் போய்விட்டது. அவளுக்குத் தெரிந்திருக்கிறது, தெரிந்தும் சிரிக்காமல், கேட்காமல், பஜ்ஜிச் சட்டியை இறக்கி வைத்திருக்கிறாள். இதைவிடக் கேலி செய்திருக்கலாம். அவன் கீழே இறங்கிப் போய், டிக்கியைத் திறந்து, துணியை அவிழ்த்து, பாட்டிலை லுங்கி மடிப்பில் மறைத்து எடுத்து வந்தான், யாரிடம் மறைக்கிறோம் என்று பாதிப் படியில் தோன்றி, கையிலேயே வைத்துக்கொண்டான். மூடியைத் திறந்து ஒரு சொட்டு எடுத்து, அவள் துடைத்த பலகையின் பின்பக்கத்தில், சுத்தமான இடத்தில், விரல் நுனியால் தொட்டான். தொட்டதே தெரியவில்லை. சிவப்பை ஊதினான். கண் என்றால் அதுதான் கண். ஐந்து ரூபாய்க் காசு அகலத்துக்குத் திறந்துகொண்டது.

முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இல்லாதது என்று போட்டிருந்தது. பின்பக்கம் பொடி எழுத்து. இத்தனை மாசத்தில் அவன் பின்பக்கத்தைப் படித்ததில்லை, இப்போது வெயிலில் சாய்த்துப் படித்தான், சிலிக்கோனுக்கு உள்ள பேர்களில் அவனுக்குத் தெரிந்த பேரே முதலில் இருந்தது. தெரியாது என்று சொல்லிக்கொள்ளலாமா? படிக்கவில்லை என்று சொல்லலாம், அது உண்மைதான், ஆனால் ஒரு பெயிண்ட் டப்பாவின் பொடி எழுத்தை ஒன்று விடாமல் படிக்கிறவன் இதை மட்டும் ஏன் படிக்கவில்லை என்று கேட்டால், படித்தால் விட வேண்டியிருக்கும் என்று உள்ளே எங்கேயோ தெரிந்திருந்தது என்பதைத் தவிர பதில் இல்லை. லைன் வாசலில் அவனே ஒட்டிய போர்டு இருக்கிறது, தலைக்கு எண்ணெய், கிரீம், ஸ்ப்ரே தடவி வருவோர் உள்ளே அனுமதிக்கப்பட மாட்டார்கள். அந்தப் போர்டுக்குக் கீழே நின்று தலைமூடியைப் பின்னால் தள்ளிவிட்டுக்கொள்வான், அழுத்தினால் முடி படிந்துவிடுகிறதே என்று. பிறகு கையுறை மாட்டிய கையால் முன்முடியை எழுப்பிவிட்டுக்கொண்டு, துடைத்து முடித்த பானட்டின்மேல் குனிந்து, விரலால் தொட்டுத் தொட்டுப் பார்ப்பான். அவள் துடைத்து அனுப்பினாள். அதற்கப்புறம்தான் அவன் தொட்டான். ஆனால் நின்றதே, அவள் போனதும் மீன்கண் நின்றதே, அது எப்படி என்று அவன் வக்கீல் மாதிரி எழுந்து நின்றான், எழுந்த வேகத்திலேயே உட்கார்ந்தான். அவள் போன மறுநாளிலிருந்துதான் ஆடிட்டுக்கு ஃபைல் தயார் செய்ய அவனை ஆபீஸ் கட்டிடத்தில் உட்கார வைத்தார்கள். இத்தனை வாரமும் அவன் லைனுக்கே போகவில்லை. திரும்பப் போனது போன புதன்கிழமை. வியாழன் நான்கு பானட். அதோடு நிற்கவில்லை, நினைப்பு அந்த டிஷ்யூத் தாளுக்குப் போனது. ஓரத்தில் பொட்டு. நடுவில் இல்லை, அவள் தலை பட்டது நடுவில்தானே. ஓரத்தில் இருந்தது அவன் விரல். லைட்டுக்கு நேராகத் தூக்கி எல்லாருக்கும் காட்டினது அவன் தலைப் பிசுக்கை. அவள் அதைப் பார்த்து, வேர்வையா இருக்கும் சார் என்றாள், தன்னுடையதுதான் என்று அவளையே நம்பவைத்திருக்கிறான். கொண்டை சரிந்து விழுந்தது. யாரோ ஒருத்தன் சிரித்தான். தேவநாதன் மாடிக் கைப்பிடிச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான், ஜெயசுதா துணி காயப்போட்டு முடித்துக் கீழே போகும்வரை திரும்பவில்லை. இதற்கு நடுவிலும் மூளையின் ஒரு ஓரம் நாளை மீட்டிங்குக்கு வாக்கியம் எழுதிக்கொண்டிருந்தது. மூல காரணம் கண்டறியப்பட்டது. தனிநபர் உபயோகப் பொருள் மூலம் சிலிக்கோன் கலப்பு. நடவடிக்கை எடுக்கப்பட்டது. எவ்வளவு சுத்தமான வாக்கியம், யாரும் இல்லாத வாக்கியம், கண்டறிந்தவனும் இல்லை, கலந்தவனும் இல்லை. அதை அவன் இரண்டு மூன்று தடவை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தான், அழகாகத்தான் இருந்தது. அது அழகாக இருக்கிறது என்று தோன்றியதும், இனி யோசித்தால் இதைத்தான் செய்வோம் என்ற பயத்தில், போனை எடுத்து ரகோத்தமனைக் கூப்பிட்டுவிட்டான்.

அவர் சாப்பாட்டில் இருந்தார். பின்னால் டி.வி. சத்தம். அவன் முன்னுரை இல்லாமல், சார் அந்த மீன்கண் என்னாலதான் என்று ஆரம்பித்து, தலை, சீரம், பலகை, ஆடிட் வேலை எல்லாவற்றையும் கோர்வை இல்லாமல் சொல்லி முடித்தான். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் மெல்லுகிற சத்தம். பிறகு அவர் சிரித்தார்.

"தேவநாதன், இந்த வயசுல உங்களுக்கு எதுக்குய்யா அது?"

அவனும் சிரித்தான். சிரித்தது தன் வாய்தான் என்று ஒரு கணம் கழித்துத்தான் தெரிந்தது.

"சரி விடுங்க. நாளைலேர்ந்து போடாதீங்க, முடிஞ்சுது. மீட்டிங்ல கம்ப்ரஸர் ஃபில்டர் மாத்தினோம்னு சொல்லிக்கலாம். வெளிய தெரிஞ்சா உங்களுக்கும் நல்லால்ல, எனக்கும் நல்லால்ல."

"அந்தப் பொண்ணு சார். பூங்காவனம்."

"யாரு?" என்றார். அவன் சொன்னான். "ஓ. அது கான்ட்ராக்ட்டுய்யா. போனது போனதுதான், இந்நேரம் வேற எங்கயாவது சேந்திருக்கும். நீங்க ரொம்பப் போட்டுக் குழப்பிக்காதீங்க. சாப்டீங்களா?"

சாப்பிட்டேன் சார் என்றான், சாப்பிடவில்லை. போனை வைத்ததும் உடம்பெல்லாம் தளர்ந்து ஒரு சுகம் பரவியது. கால் நீட்டி உட்காரலாம் போல இருந்தது. ஒன்றும் ஆகாது. யாருக்கும் தெரியாது. கிட்டாருக்குக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, தலைக்குத் துணி கட்டிக்கொண்டு அடித்தால் அடுத்த ஞாயிறு கண்ணாடி மாதிரி வந்துவிடும், பையன்கள் வாயைப் பிளப்பார்கள். அந்தச் சுகத்தில் அவன் நன்றாகவே உட்கார்ந்திருந்தான், எவ்வளவு நேரமோ, டப்பாவிலிருந்த பெயிண்ட்மேல் ஆடை படிகிறவரை. பிறகுதான் அது புரிந்தது. அவள் தலையில் இருந்ததாகச் சொன்ன பொட்டுக்கு வேலை போயிற்று, அவன் தலையில் நிஜமாகவே இருந்ததற்கு ஒரு சிரிப்பும் சாப்டீங்களா என்ற விசாரிப்பும். அது அநியாயம் என்று அவனுக்கு உறைக்கவில்லை, அது தனக்குச் சுகமாக இருந்தது என்றுதான் உறைத்தது. காது மடல் சுட்டது. பாலிடெக்னிக்கில் பிட்டடித்து மாட்டியபோதுகூட இப்படிச் சுட்டதில்லை. அவள் நம்பரைக் குரூப்பிலிருந்துதான் நீக்கியிருந்தான், போனில் இருந்தது. பூங்கா டாக் கிளாத் என்று பதிந்து வைத்திருந்தான், அவள் கையில் இருந்த பிசின் துணியின் பேர். அடித்தான். எடுக்கக்கூடாது என்று வேண்டிக்கொண்டே அடித்தான். எடுத்துவிட்டாள். அந்தப் பக்கம் தையல் மிஷின்கள் ஓடுகிற மாதிரி இரைச்சல்.

"யாரு?"

"தேவநாதன் பேசறேன்மா. பெயிண்ட் ஷாப்."

"அடையாளக் கார்டு, ஷூ எல்லாம் அன்னைக்கே கான்ட்ராக்டர் கையில குடுத்துட்டன் சார். என்கிட்ட ஒண்ணும் இல்ல."

"அதுக்கில்ல. அன்னைக்கு அந்தத் தாள்ல இருந்தது உன்... உங்க தலை எண்ணெய் இல்ல. என்னுது. நான் தலைக்கு ஒண்ணு தடவறேன். மீன்கண்ணு வந்ததே என்னாலதான். இன்னைக்குத்தான் தெரிஞ்சுது."

இவ்வளவையும் சொல்லி முடித்தால் ஏதோ ஒன்று இறங்கும் என்று எதிர்பார்த்திருந்தான். ஒன்றும் இறங்கவில்லை. அவள் யாரிடமோ, தோ வரேன்க்கா என்றாள். கதவு சாத்துகிற சத்தம், இரைச்சல் குறைந்தது.

"இப்ப இத எனக்கு எதுக்கு சார் சொல்றீங்க? எனக்கு அன்னைக்கே தெரியுமே, நான் வெக்கலன்னு."

இது அவளுக்குச் செய்தியே இல்லை என்பது அதுவரை அவனுக்குத் தோன்றியிருக்கவே இல்லை. மன்னிப்பு என்ற சொல்லைத் தேடினான், அது சினிமாவில் வருகிற சொல்லாக இருந்தது. வேலையில் திரும்பச் சேர்க்கச் சொல்கிறேன் என்று ஆரம்பித்தான். வேணாம் சார், இங்க துணி கம்பெனில சேந்துட்டன், உக்காந்த வேலைதான் என்றாள். பிறகு அவளாகவே பேசினாள், கோபமில்லாமல், ரொம்ப நாளாக எடுத்து வைத்ததை நீட்டுகிற மாதிரி.

"வேல போனதுகூட இல்ல சார். எங்க ஊர்ல மல்லிகான்னு ஒரு அக்கா, சீலிங் லைன்ல இருக்காங்க. அன்னைக்கு பாத்துட்டு நின்னாங்க. அவங்க ஊர்ல போயி, அழுக்குத் தலையோட வந்தாள்னு கம்பெனிலேர்ந்து அனுப்பிட்டாங்கன்னு சொல்லிட்டாங்க. எங்க நாத்தனார் இன்னிக்கும் சீப்பு குடுக்க மாட்டேங்குது. ஒரு கல்யாணத்துக்குப் போனா தலையப் பாக்கறாங்க. இத நீங்க போன்ல எனக்குச் சொல்லி இன்னா ஆவும்?"

மாடிப் படியருகே ஜெயசுதா சாப்பிடக் கூப்பிட வந்தவள், அவன் முகத்தைப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றாள். அவன் அவளுக்கு முதுகைக் காட்டலாமா என்று நினைத்து, காட்டாமல் நின்றான்.

"லைன்ல சொல்றேன்" என்றான். "எல்லாரும் இருக்கும்போது. நாளைக்கே. என் தலையையும் தாள்ல தொடைச்சுக் காட்டிட்டுச் சொல்றேன்."

"சொல்லுவீங்களா?" நம்பினதாகவும் இல்லை, நம்பாததாகவும் இல்லை. "சொல்றதுன்னா மல்லிகாக்கா இருக்கும்போது சொல்லுங்க. அவங்க இல்லாதப்ப சொன்னா எங்க ஊருக்கு வந்து சேராது."

"காலைல எட்டரைக்கு மீட்டிங். அப்ப இருப்பாங்களா?"

"இந்த வாரம் அவங்க ரெண்டாவது ஷிஃப்டு சார். மூணு மணிக்குத்தான் வருவாங்க." உள்ளேயிருந்து யாரோ கூப்பிட்டார்கள். "நான் வெக்கறன் சார்."

வைத்துவிட்டாள். காலையில் ரகோத்தமன் கம்ப்ரஸர் ஃபில்டர் என்று ஆரம்பிப்பதற்கு முன்னால் ஒரு தடவை, மூன்று மணிக்கு மல்லிகா இருக்கிற சீலிங் லைனில் ஒரு தடவை சொல்ல வேண்டும். காலையில் சொல்லி முடித்ததும் செய்தி தானாகப் பரவிவிடும், மத்தியானம் எதற்கு என்று தோன்றும், தோன்றும் என்று இப்போதே தெரிந்தது. ஜெயசுதா இன்னும் படியருகிலேயே நின்றாள்.

"யாரு?" என்று கேட்டாள்.

அவளுக்கு முதலில் பஜ்ஜியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அவன் ஆரம்பித்தான்.